ஒரு மைல் தள்ளிக் கேட்ட குடம்

'சின்ன வயசை அப்படியே கண்முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற சத்தம் உங்களுக்கு எது? அந்தச் சத்தத்துக்கு மட்டும் ஏன் அந்தச் சக்தி?' என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: குடம். வில்லுப்பாட்டில் அடிக்கிற மண் குடம். இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளம். 30 வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவனிடம் 'ஏன்' என்று கேட்டால் இப்படித்தான் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லுப்பாட்டு என்று பொதுவாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வில்லில் கட்டிய மணி, உடுக்கு, ஜால்ரா, கட்டை, புலவரின் குரல் எல்லாமே எனக்குப் பிடிக்கும். ஆனால் அவை என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போவதில்லை. குடம் மட்டும்தான் கூட்டிக்கொண்டு போகும். அதையும் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் ஒன்றும் நடக்காது. ஒரு மைல் தள்ளி, நடுச்சாமத்தில், பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு கேட்க வேண்டும். ஏனென்றால் நான் அப்படித்தான் கேட்டேன்.

திருநெல்வேலி ஜில்லாவில் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில், கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற வயக்காட்டு ஊர் எங்களுடையது. கார், பிசானம் என்று இருபூ விளையும். பிசானம் அறுத்து, சூடடித்து, நெல்லு வீடு வந்து சேர்ந்தபிறகு எல்லார் கையிலும் நாலு காசு புரளும் அல்லவா, பங்குனி சித்திரையில் கொடை, அதாவது வில்லுப்பாட்டு வைத்து நடக்கிற கோவில் திருவிழா, வரிசைகட்டி வரும். எங்கள் ஊர் அம்மனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊர்ச் சுடலைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, கால்வாய்க்கு அந்தப் பக்கத்து இசக்கிக்கு அதற்கும் அடுத்த செவ்வாய். முந்தின நாள் குடியழைப்பு, மறுநாள் மதியக் கொடை, ராத்திரி சாமக்கொடை என்று போகும். எங்கள் ஊர்க் கொடை என்றால் நான் பந்தலிலேயே கிடப்பேன். பக்கத்து ஊர்க் கொடை என்றால் ராத்திரிக்கு விடமாட்டார்கள். சுடலைமாடன் கோவில் சாமக்கொடை என்றால் பேச்சே கிடையாது.

"ஆச்சி, நானும் சின்னையா கூடப் போறேன்."

"சின்னப் பிள்ளைய எல்லாம் சாமக்கொடைக்குப் போவக்கூடாது ஐயா. சாமி வேட்டைக்குப் போற நேரம். பைய ஒறங்கு. அன்னா கேக்கு பாரு, கொடம். அதக் கேட்டுக்கிட்டே ஒறங்கு."

முற்றத்தில் கோரைப்பாய். பத்தமடை பக்கத்தில்தான் என்பதால் பாய்க்கு எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது. தலைக்கு மேலே வேப்பமரம், அதற்கு மேலே நட்சத்திரம். தெற்கே எங்கேயோ இருந்து அது வரும். 'தும்... தும்... தும்தும்...' எழுத்தில் சரியாக வராது. காதில் விழுவதற்கு முன்னாலேயே நெஞ்சில் விழுகிற மாதிரி இருக்கும். சினிமாப் பாட்டுப் போடுகிற குழாய் ஸ்பீக்கரை எதிர்த்திசையில் மூலச்சி ஊர்ப் பக்கம் பார்த்துக் கட்டியிருப்பார்கள். புலவர் பாடுவது எங்களுக்கு மங்கலாகக் கேட்கும், ஒரு வார்த்தை புரியாது. குடம் மட்டும் தெளிவாக வரும். அடுத்த ஊரில் யாரோ பெரிய மனிதர் ஒருவர் ராத்திரி முழுக்க நிதானமாக நடந்துகொண்டிருக்கிற மாதிரி.

அந்தக் குடத்தை அடித்தவர் எங்கள் வளவில் குடியிருந்த ஒரு மாமா. உறவு கிடையாது, வளவில் எல்லாரும் மாமாதான், சின்னையாதான். பகலில் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குவார், கொடைக் காலத்தில் வில்லுக் கோஷ்டியோடு போய்விடுவார். 'கொடத்து மாமா' என்றால்தான் தெரியும். குடம் வாங்கக் காருகுறிச்சிக்கு நடந்தே போவார், என்னையும் இரண்டு மூன்று தடவை கூட்டிப்போயிருக்கிறார். காருகுறிச்சி என்றதும் நாதஸ்வரம் அருணாசலம் ஞாபகத்துக்கு வருவது நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் காருகுறிச்சி என்றால் மண்பானை. குளத்து மண் எடுத்துப் பிசைந்து வனைந்து சூளை வைக்கிற ஊர். சூளையிலிருந்து இறக்கிய குடங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். மாமா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து விரல் முட்டியால் தட்டுவார். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் 'கொர்' என்று காட்டிக்கொடுத்துவிடும். "வெந்த கொடம் மணி மாதிரி பேசும்ல. வேவாத கொடம் சளி பிடிச்சவன் கூப்பிட்ட மாதிரி இருக்கும்" என்பார். பிறகு வாயில் உள்ளங்கையால் ஒரு அடி. அந்த அடியில்தான் முடிவு செய்வார். இருபது குடம் பார்த்து ஒன்று எடுப்பார். சில சமயம் ஒன்றும் எடுக்காமல் திரும்பிவிடுவார், குடம் செய்தவர் முறைத்துக்கொண்டு நிற்பார்.

வில்லுப்பாட்டைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வில் பத்தடிக்கு மேல் நீளம் இருக்கும், பெரும்பாலும் பனை வைரத்தில் செய்வது. தோலை முறுக்கி நாண் கட்டியிருப்பார்கள். வில்லில் வரிசையாக மணிகள் தொங்கும். புலவர் இரண்டு கையிலும் வீசுகோல் பிடித்து நாணில் அடித்துக்கொண்டு பாடுவார். வைக்கோல் புரிமணைமேல் குடத்தைச் சாய்த்து வைத்து அதன் மேல் வில்லின் நடுவை இருத்திக் கட்டியிருப்பார்கள். ஆக, குடம் தாளக் கருவி மட்டுமல்ல, வில்லுக்கு ஆசனமும் அதுதான். நாணில் விழுகிற அடி வில் வழியாகக் குடத்துக்குள் இறங்கும். குடக்காரர் ஒரு கையில் தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார். இன்னொரு கையில் ஒரு காசை இடுக்கிக் குடத்தின் மேல் தட்டுவார். வாயில் அடித்தால் 'தும்', உடம்பில் தட்டினால் 'டிங்'. எங்கள் மாமா பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி மட்டையாக வைத்திருந்தார். சாமி காரியத்துக்குச் செருப்பா என்று ஆச்சிக்கு அதில் கடைசிவரை வருத்தம்.

அந்த 'தும்' எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கியது பதினெட்டு வயதில், பாளையங்கோட்டையில் கல்லூரிச் சோதனைக்கூடத்தில். காலிக் கலர் பாட்டில் வாயில் ஊதினால் 'பூ' என்று ஒரு சத்தம் வருமே, அதே சங்கதி. உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி. கழுத்தில் இருக்கிற காற்று அந்த ஸ்பிரிங்கில் தொங்குகிற எடை மாதிரி. வாயில் ஒரு தட்டுத் தட்டினால் கழுத்துக் காற்று உள்ளே வெளியே என்று குதிக்கும். இதற்குக் கணக்குப் போட்டவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்கிற 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர். வயிறு பெருத்தால் சுருதி இறங்கும், வாய் அகன்றால் ஏறும். 10 லிட்டர் கொள்கிற, வாய் 12 சென்டிமீட்டர் அகலமுள்ள குடத்துக்கு 160 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. ஆண்குரல் பேசுகிற இடத்தை ஒட்டியது. மாமா உள்ளங்கையால் ஒரே அடியில் போட்ட கணக்கை நான் ஒரு பக்கத்துக்குப் போட்டுப் பார்த்தேன்.

அடுத்து, அது ஏன் ஒரு மைல் வந்தது, மணி ஏன் வரவில்லை? காற்று எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தின்பதில்லை. 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கிலோமீட்டர் போனால், குடத்தின் சுருதியை ஒட்டிய 125 ஹெர்ட்ஸ் ஒலியைக் காற்று உறிஞ்சுவது சுமார் 0.3 டெசிபல்தான். மணி மாதிரி உச்சத்தில் ஒலிக்கிற 4000 ஹெர்ட்ஸ் ஒலியை 23 டெசிபல் உறிஞ்சிவிடும். தூரத்தால் பரவி மெலிவது இரண்டுக்கும் பொது. அதற்கு மேல் காற்று வசூலிக்கிற இந்த வரிதான் மணியைக் கொல்கிறது. வில் மணியும் ஜால்ராவும் வழியிலேயே செத்துவிடும், குடம் மட்டும் எங்கள் முற்றம்வரை வந்து சேரும். நீங்கள் கொடை நடக்கிற ஊரை நோக்கி நடந்து பார்த்திருந்தால் தெரியும்: முதலில் குடம் மட்டும், கால்வாய்ப் பாலம் தாண்டினால் உடுக்கு, புளியமரத்தடிக்கு வந்தால் ஜால்ரா, பந்தலுக்கு முன்னால்தான் மணி. ஒவ்வொருவராக வந்து உட்காருகிற மாதிரி கோஷ்டி சேரும். இருட்டில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதற்கு எங்களுக்கு அதுதான் மைல்கல்.

ராத்திரிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பகலில் தரை சுட்டுக் கிடக்கும், அதை ஒட்டிய காற்றும் சூடு, மேலே போகப்போகக் குளிர்ச்சி. சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடும், ஒரு டிகிரிக்கு விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும். அதனால் கீழ்ப்பக்கம் முந்த, மேல்பக்கம் பிந்த, ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். மேகம் இல்லாத, காற்று அடிக்காத ராத்திரியில் கதை தலைகீழ். தரை குளிர்ந்துவிடும், மேலே வெதுவெதுப்பு நிற்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து, அறுப்பு முடிந்து மொட்டையாய்க் கிடக்கிற வயலைத் தடவிக்கொண்டே வரும். அதனால்தான் மதியக் கொடையில் அடித்த அதே குடம் எங்களுக்குக் கேட்கவே கேட்காது, சாமக்கொடையில் தலைமாட்டில் வந்து நிற்கும். ஆச்சி இதற்கு வேறு காரணம் வைத்திருந்தாள், 'மாடன் ராத்திரிதானே நடப்பாரு'. நான் வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போது இரண்டையும் சொல்வேன். பிள்ளைகளுக்கு ஆச்சி சொன்னதுதான் ஞாபகம் இருக்கும்.

ஆடி மாசக் கொடைகளுக்கு இந்தக் கணக்குச் சரிப்படாது. அப்போது மேற்கே கணவாய்களில் நுழைந்து வருகிற சாரல் காற்று விடாமல் அடிக்கும். மேற்கே நடக்கிற கொடை துண்டு துண்டாகக் கேட்கும். கிழக்கே நடப்பது அரை மைலில் இருந்தாலும் கேட்காது.

இனி அந்த ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயது இருக்கும். சுடலைக்கு சாமக்கொடை. நான் பாயில், ஆச்சி பக்கத்தில். சாமி இறங்க வேண்டிய இடத்தில் வரத்துப் பாட்டு வரும். குடம் வேகம் எடுக்கும், சாமியாடுகிற கோமரத்தாடிக்கு உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். எனக்கு அது கண்ணுக்குத் தெரியாது, வேகம் மட்டும் தெரியும். என் நெஞ்சும் அதோடு சேர்ந்து ஓடும். பயமாகவும் இருக்கும், நின்றுவிடக் கூடாது என்றும் இருக்கும். அன்றைக்கு வேகம் ஏறி ஏறி உச்சத்துக்குப் போன நேரத்தில் பட்டென்று நின்றுவிட்டது.

தூங்கிக்கொண்டிருந்த ஆச்சி விழித்துவிட்டாள். சத்தம் நின்றதில் ஒருத்திக்கு விழிப்பு வரும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "என்னய்யா, கொடம் நின்னுட்டு?" என்றாள். எழுந்து உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டாள். எங்கேயோ ஒரு நாய். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, எனக்கு ஒரு யுகம். பிறகு மறுபடியும் 'தும்' என்றது. ஆனால் அது அந்தத் 'தும்' இல்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் சப்பையாக, சின்னப் பையன் பெரிய ஆள் மாதிரிப் பேசிப் பார்க்கிற குரலில்.

"ஆச்சி, இது வேற கொடம்."

"சும்மா கெட. ஒறங்கு."

காலையில் மாமா வளவுக்குள் வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். "சாமி ஆடிக்கிட்டு நிக்கி, கொடம் ரெண்டாப் போச்சு. புலவர் என்னைய முறைக்காரு. எந்திரிச்சு ஓடி, முதல் வீட்ல இருந்த மைனி அடுப்படியில தண்ணிக் கொடத்தக் கவுத்துட்டுத் தூக்கியாந்தேன். அவ என்னைய ஏசுறா, இங்க சாமி ஏசுது."

"எனக்குத் தெரியும் மாமா. அது வேற கொடம்னு."

"ஒனக்கு எப்பிடில தெரியும்?"

"சத்தம் சின்னதா இருந்துச்சு."

மாமா ஆச்சியைப் பார்த்தார். "கேட்டேளா அத்தை? மாடனுக்கே வித்தியாசம் தெரியல, இவனுக்குத் தெரிஞ்சிருக்கு." என்னைக் கிட்டே இழுத்துக் காது மடலைத் திருகினார். வலித்தது. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குப் பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை, நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பித்த கதையை விட்டுவிடுகிறேன்.

இதெல்லாம் எல்லாருக்கும் குடமாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கணியான் கூத்து வைக்கிற கோவில்களை ஒட்டி வளர்ந்தவர்களைக் கேட்டால் மகுடம் என்பார்கள். வட்டமான ஒற்றைத்தோல் பறை அது. கூத்தில் பாட்டை நடத்துகிற அண்ணாவிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் அடிப்பார்கள், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். இடையிடையே தீ மூட்டித் தோலைக் காய்ச்சி முறுக்கேற்றிக்கொள்வார்கள். என் கூட வேலை பார்த்த தமிழாசிரியர் ஒருவருக்கு மந்த மகுடம்தான் எனக்குக் குடம் மாதிரி. அவரும் தூரத்தில் இருந்துதான் கேட்டு வளர்ந்தார். தாழ்ந்த சுருதிக்காரன்தான் தூரம் நடப்பான் என்ற கணக்கு அங்கேயும் ஒத்துப்போகிறது.

வில்லுப்பாட்டு என்றதும் வெளியூர்க்காரர்கள் சுப்பு ஆறுமுகம் பெயரைச் சொல்வார்கள். நியாயம்தான். 1928இல் எங்கள் ஜில்லாவில் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர், இந்தக் கலையைச் சென்னை மேடைக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனவர், 2021இல் பத்மஸ்ரீ வாங்கி 2022இல் மறைந்தார். அவர் பேச்சுக்கு நான் ரசிகன். ஆனால் மேடை வில்லில் சொல் முன்னால் போகும், குடம் அதற்கு 'ஆமா' போடும். கோவில் கொடையில் குடம் முன்னால் போகும், சொல் அதன் பின்னால் ஓடும். என் கட்சி இரண்டாவது.

சொல்லே புரியாமல் வளர்ந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. முத்துப்பட்டன் கதையைத் தாளமாக மட்டும் பல தடவை கேட்டிருக்கிறேன், கதை தெரியாது. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) தேடித் தொகுத்து அச்சேற்றிய கதைப்பாடல்கள் கல்லூரி நூலகத்தில் கைக்குக் கிடைத்தபோதுதான் கதை தெரிந்தது. பிராமணப் பையன், தோல் வேலைக்காரரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா திம்மக்கா இருவரையும் மணந்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன். காரையாறு சொரிமுத்தையனார் கோவிலில் இன்றும் அவனுக்குச் செருப்பு நேர்ந்துவிடுகிறார்கள், ஆடி அமாவாசைக்குப் போனால் பார்க்கலாம். புத்தகத்தில் சண்டை வருகிற பக்கத்தைப் புரட்டும்போது என் விரல் மேசையில் தானாக அடித்தது. கதையை அன்றைக்குத்தான் படிக்கிறேன், எந்த இடத்தில் வேகம் ஏறும் என்று விரலுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நூலகர் வந்து, "தம்பி, தாளம் போடுறதுக்கு வெளிய போங்க" என்றார்.

சரி, உங்கள் 'ஏன்' இன்னும் பாக்கி இருக்கிறது. 1973இல் எண்டெல் டல்விங், டொனால்ட் தாம்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிய கருத்து ஒன்று உண்டு. ஒரு விஷயம் மனதில் பதியும்போது கூடவே என்னென்ன பதிந்ததோ, அவைதான் பின்னால் அதைத் திறக்கிற சாவி. எனக்குக் குடத்தோடு கூடவே பதிந்தது தூரம், இருட்டு, பாயின் கோடு முதுகில் அழுந்துவது, ஆச்சியின் வெற்றிலை வாசம், போக விடவில்லை என்ற கோபம். அதனால்தான் பந்தலில் முன்வரிசையில் இருந்து கேட்கிற குடம் எனக்குச் சாவியாக வேலை செய்வதில்லை. பல் தேய்ந்த சாவி அது.

இன்னொன்றும் உண்டு. ஒரே சாவியை ஆயிரம் பூட்டுக்குப் போட்டால் அது எதையும் ஒழுங்காகத் திறக்காது. ரயில் ஊதலை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் வழியாகப் போகிற திருநெல்வேலி–தென்காசிப் பாதை அப்போது மீட்டர்கேஜ், நீராவி எஞ்சின். அந்த ஊதலும் ராத்திரியில் கேட்கும், குடத்தைவிடப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ரயில் சத்தம் கேட்டுவிட்டேன். வேலை, கல்யாணம், சாவு என்று எல்லாவற்றுக்கும் ரயில். 2012இல் அகலப்பாதை ஆனபிறகும் ஊதல் ஊதல்தான். அதைக் கேட்டால் மனசு எந்த நினைவை எடுத்துக்கொடுப்பது என்று தெரியாமல் முழிக்கிறது. சினிமாப் பாட்டும் அப்படியே. வருஷாவருஷம் கேட்டுக் கேட்டு எட்டு வயதின் மேல் இருபது வயது, அதன் மேல் நாற்பது வயது என்று பூசிவிட்டோம். குடத்தை நான் வேலைக்குப் போனதிலிருந்து ஓய்வு பெறும்வரை நேரில் கேட்கவே இல்லை. வட மாவட்டங்களில் இருந்தேன், அங்கே வில் கிடையாது. கொடைக்கு ஊருக்கு வர விடுப்புக் கிடைக்காது. அதனால் என் குடத்தின் மேல் வேறு பூச்சே விழவில்லை. அடிக்கடி கேட்டு வளர்த்த நேசத்தைவிட, ஒரு பருவத்தோடு நின்றுபோன சத்தத்துக்குத்தான் இந்த இழுக்கிற பலம் அதிகம் என்று நினைக்கிறேன்.

வாசனைதான் சத்தத்தைவிடப் பெரியது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். மூக்கிலிருந்து உணர்ச்சி மையங்களுக்குப் போகிற வழி மற்றப் புலன்களுக்கு உள்ளதைவிடக் குறுக்குவழி என்பது உண்மைதான். ஆனால் வாசனைக்கு நீங்கள் கிட்டத்தில் போயாக வேண்டும். போகவிடாத இடத்திலிருந்து வருவது சத்தம்தான்.

ஏங்கிப்போய்த் தேடியது உண்டா என்றால், உண்டு. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் தொடங்கியது. அதில் வில்லுப்பாட்டு வரும். டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறேன். குடம் 'டொக் டொக்' என்று கேட்கும், யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. பின்னால் மகன் கைபேசியில் யூடியூப் போட்டுக் காட்டினான். கொடை, பந்தல், வில், நம்ம ஊர்ப் புலவர், எல்லாம் இருந்தது. மனசில் ஒரு சலனமும் இல்லை. எனக்கு வயதாகிவிட்டது, உள்ளே ஏதோ காய்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் பௌதிக வாத்தியார் விழித்தார். கைபேசியில் இருப்பது விரல் நகம் அளவு ஸ்பீக்கர். 160 ஹெர்ட்ஸை அது தள்ளாது, அதற்கு மேலே உயர்ந்த சுருதியில் ஒலிக்கிற அடுக்குகளைத்தான் தரும். அடுக்குகளை வைத்து மூளை சுருதியை ஊகித்துக்கொள்ளும், ஆனால் நெஞ்சில் விழவேண்டியது விழாது. மகனின் பெரிய ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன். பாதி வந்தது. மீதிப் பாதிக்கு ஒரு மைல் காற்று வேண்டும், அதை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

முழுசாக வந்தது வேறு இடத்தில். ஓய்வு பெற்று மகன் வீட்டில், சென்னையில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். ஒரு நாள் மத்தியானம் அரைத்தூக்கத்தில் கிடக்கிறேன். கீழே தண்ணீர் கேன் போடுகிற பையன் காலி இருபது லிட்டர் கேனை மாடிப்படியில் இறக்கிக்கொண்டே அதன் வாயில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டு போகிறான். சும்மா, விளையாட்டுக்கு. மாடிப்படியின் எதிரொலியில் அது மூன்று சுவர் தாண்டி மங்கலாக என்னிடம் வந்தது. சுருதி ஒன்றல்ல, குடத்தைவிடக் கீழே. ஆனால் அடியின் உருவம் அதேதான்: பட்டென்று எழுந்து, உருண்டையாக அடங்கி. எனக்கு முதுகில் பாய்க் கோடு அழுந்தியது. வேப்பம்பூ வாசம் வந்தது. 'என்னய்யா, கொடம் நின்னுட்டு?' என்று ஆச்சி கேட்டாள், அவள் செத்து நாற்பது வருஷத்துக்கு மேல். எழுந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பையன் பயந்துபோய், "சார், சத்தம் போட்டா தூக்கம் கெடுதா சார்?" என்றான். "இல்ல தம்பி, இன்னொரு தடவை தட்டு" என்றேன். அவன் தட்டினான். ஒன்றும் வரவில்லை. எதிர்பார்த்துக் காத்திருந்தால் இது வராது போலிருக்கிறது.

அதற்கு அடுத்த சித்திரையில் ஊருக்குப் போனேன், பக்கத்து ஊர்ச் சுடலை கொடைக்கு. இந்தத் தடவை என்னைத் தடுக்க ஆள் இல்லை. பந்தலில் ஆள் உயரத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர் அடுக்கியிருந்தார்கள், எல்லாவற்றுக்கும் தனித்தனி மைக், குடத்துக்கும் ஒன்று. ஓரத்தில் கீபோர்டு, ரிதம் பேட். கீபோர்டு வேண்டாம் என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை; கூட்டம் வேண்டும், கோஷ்டி சாப்பிட வேண்டும். ஆனால் ரிதம் பேடும் குடமும் ஒரே அடியைப் போட்டுக்கொண்டிருந்தால், ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். தின்றது எது என்று சொல்லத் தேவையில்லை. இடைவேளையில் குடம் அடிக்கிற பையனிடம் போனேன். இருபத்தைந்து வயது இருக்கும். குடம் எங்கே வாங்கியது என்றேன். "காருகுறிச்சிலதான் தாத்தா, வேற எங்க?" என்றான். முட்டியால் தட்டிப் பார்த்தேன். மணி மாதிரிப் பேசியது. கொடத்து மாமாவைப் பற்றிச் சொன்னேன். கேள்விப்பட்டிருக்கிறானாம், சாமி ஆடும்போது குடத்தை உடைத்தவர் என்று. அந்த ஊரில் மாமாவின் புகழ் அந்த வகையில் நின்றிருக்கிறது.

மணி பன்னிரண்டைத் தாண்டியது. முன்வரிசையில் நாற்காலி போட்டுத் தந்தார்கள். நெஞ்சு அதிர்ந்தது, ஸ்பீக்கரால். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை, நடக்காது என்று எனக்கும் தெரியும். மெல்ல எழுந்து, தங்கியிருந்த தம்பி வீட்டுக்குக் கால்வாய்க் கரை வழியாக நடந்தேன். பாலத்துக்கு வந்தபோது பின்னால் வெளிச்சம் எல்லாம் ஒரேயடியாக அணைந்தது. கரண்ட் போய்விட்டது. கீபோர்டு, ரிதம் பேட், ஸ்பீக்கர், எல்லாம் ஊமை. கொடையை நிறுத்த முடியாதே. வரத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, சாமி இறங்குகிற நேரம். இருட்டுக்குள் இருந்து அது மட்டும் வந்தது.

தும். தும். தும்தும்.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். வயல் அறுத்துக் கிடந்தது, காற்று இல்லை, மேலே நட்சத்திரம். ஏழு, எட்டு அடிவரை எண்ணியிருப்பேன். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை.

அதற்குள் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள்.